ஸ்கிரிப்டுக்குள் போன சி++ ஆப்ஜெக்ட்: லூவா, பைதான், வி8 மூன்றில் எதில் டீபக் செய்வது எளிது?

சி++ ஆப்ஜெக்ட் ஒன்றை ஸ்கிரிப்ட் எஞ்சினுக்குத் திறந்துவிட்டதும் அது இரண்டாகிவிடுகிறது. நாம் நியூ போட்டு உருவாக்கிய நிஜ ஆப்ஜெக்ட் ஒன்று. அதன் பாயிண்டரை வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் பக்கம் நிற்கும் ராப்பர் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் சாவதில்லை. நிஜம் போய் ராப்பர் மிஞ்சினால், அதை அடுத்துத் தொடும்போது கிராஷ். ராப்பரை யாரோ விடாமல் பிடித்திருந்தால் மெமரி லீக். இரு பக்கமும் உரிமை கொண்டாடினால் ஒரே முகவரி இரண்டு முறை டெலீட் ஆகும். எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது வேகம், அளவு, லைசென்ஸ் எல்லாம் பார்க்கிறோம். இந்தப் பிழைகளைப் பிடிக்க அது எவ்வளவு கைகொடுக்கும் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதை மட்டும் வைத்து லூவா 5.4, சிபைதான் (சி-யில் எழுதிய வழக்கமான பைதான்), வி8 (குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்) மூன்றையும் இங்கே பார்க்கிறேன்.

முதல் கேள்வி, மிகக் கடினமான கேள்வியும் இதுதான்: இந்த ஆப்ஜெக்டை யார் விடுவித்தார்கள்?

இதில் பைதான் மற்ற இரண்டையும் தெளிவாக முந்துகிறது. காரணம் ரெஃபரன்ஸ் கவுண்டிங், அதாவது ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பது. கடைசி ரெஃபரன்ஸ் போன அந்தக் கணத்திலேயே டெஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் சாகும்போது ஓடும் ஃபங்ஷன்) ஓடிவிடும். ஜிடிபி டீபக்கரில் டெஸ்ட்ரக்டர் மேல் பிரேக்பாயிண்ட் வைத்து, நின்றதும் 'பை-பிடி' (பைதான் ஸ்டாக்கைக் காட்டும் கட்டளை) அடித்தால் பைதான் ஃபைல் பெயரும் வரி எண்ணும் வந்துவிடும். ஆப்ஜெக்டை விட்ட வரி அங்கேயே நிற்கும்.

லூவாவும் வி8-உம் ட்ரேசிங் முறையில் குப்பை சேகரிப்பவை, அதாவது யாரும் எட்ட முடியாத ஆப்ஜெக்டுகளை அவ்வப்போது தேடி விடுவிப்பவை. லூவாவில் ஆப்ஜெக்ட் சேகரிக்கப்படும்போது கூப்பிடப்படும் '__ஜிசி' ஓடும்போது ஸ்டாக்கில் தெரிவது, அந்த நேரத்தில் புதிதாக ஒரு டேபிளோ ஸ்ட்ரிங்கோ உருவாக்கிய ஏதோ ஒரு வரிதான். அதற்கும் நம் ஆப்ஜெக்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ரெஃபரன்ஸை விட்ட வரி எப்போதோ கடந்து போயிருக்கும். லூவாவில் இதற்கு ஒரு முரட்டு வழி உண்டு: கவுண்ட் ஹுக் ஒன்றை வைத்து, சில இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒருமுறை முழு கலெக்‌ஷனை ஓட விடுவது. ப்ரோக்ராம் ஆமை வேகத்தில் போகும். ஆனால் விட்ட இடத்துக்கும் செத்த இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் சில வரிகளாகச் சுருங்கிவிடும். எஞ்சின் சிறியது என்பதால் இப்படிக் கையாள முடிகிறது. வி8-இல், ராப்பர் செத்ததைச் சொல்லும் வீக் கால்பேக் எப்போது வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ப்ராசஸ் முடியும்போது வராமலே போகலாம். அதை நம்பி ஃபைலையோ சாக்கெட்டையோ மூடும் கோட் எழுதியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

பைதானைப் புகழ்ந்த கையோடு அதன் பொறிகளையும் சொல்லிவிட வேண்டும். சி++ஐப் பைதானோடு இணைக்கும் பைபைண்ட்11 லைப்ரரி வழியாகக் கட்டினால், பாயிண்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு உரிமை யாருக்கு என்ற கொள்கை எதையும் குறிப்பிடாவிட்டால், உரிமை பைதானுக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் மெம்பர் ஒன்றின் முகவரியை இப்படித் திருப்பித் தந்தால், ராப்பர் சாகும்போது பைதான் அதை டெலீட் செய்யும். கிராஷ் வெகு தொலைவில் எங்கோ வெடிக்கும். 'ரெஃபரன்ஸ்_இன்டர்னல்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இதைத்தான். இன்னொன்று சுழற்சி. சி++ ஆப்ஜெக்ட் ஒரு பைதான் கால்பேக்கைப் பிடித்திருக்க, அந்தக் கால்பேக் அதே ஆப்ஜெக்டைப் பிடித்திருந்தால் கவுண்ட் பூஜ்யமாகவே ஆகாது. சி++ பக்கம் இருக்கும் அந்தப் பிடியை நாமாகச் சொல்லித் தராவிட்டால், பைதானின் சுழற்சி கலெக்டருக்கும் அது தெரியாது. இங்கே லீக் சத்தமில்லாமல் வளரும்.

அடுத்தது, கையில் இருக்கும் இந்த வஸ்து என்ன? லூவா 5.3 முதல், மெட்டாடேபிளை (ஒரு வகையின் நடத்தையைச் சொல்லும் டேபிள்) உருவாக்கும் துணை ஃபங்ஷன் '__நேம்' என்ற பெயரையும் அதில் போட்டுவிடுகிறது. பிரிண்ட் செய்தால் வகையின் பெயரும் முகவரியும் வரும். தவறான வகையைக் கொடுத்தால் பிழைச் செய்தியிலும் அந்தப் பெயர் இருக்கும். ஆனால் இதெல்லாம் முழு யூசர்டேட்டாவுக்கு, அதாவது லூவாவே மெமரி ஒதுக்கி வைத்திருக்கும் நம் தரவுக்கு மட்டும். லைட் யூசர்டேட்டா வெறும் பாயிண்டர். அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மெட்டாடேபிள்தான். எதிரி வீரனுக்குப் பதில் ஒரு ஒலி ஃபைலின் பாயிண்டரைக் கொடுத்தாலும் லூவா கேள்வி கேட்காது.

வி8-இல் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. அதன் கலெக்டர் ஆப்ஜெக்டுகளை இடம் மாற்றும். ஆகவே ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டின் முகவரியை லாகில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள். ராப்பருக்குள் நாம் வைக்கும் இன்டர்னல் ஃபீல்டில் இருக்கும் நேட்டிவ் (சி++) பாயிண்டரை எழுதுங்கள், அது நகராது. லூவாவும் சிபைதானும் ஆப்ஜெக்டை நகர்த்துவதில்லை என்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை.

லீக்கைத் துரத்தும்போது வி8 கை ஓங்குகிறது. குரோம் டெவ்டூல்ஸில் ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்தால், இந்த ராப்பரை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற சங்கிலி ரூட் வரை தெரியும். நம் சி++ கோட் விட மறந்த பெர்சிஸ்டன்ட் ஹேண்டில் (ஆப்ஜெக்டைச் சாக விடாமல் சி++ பக்கம் பிடித்திருக்கும் பிடி) என்றால் அந்தச் சங்கிலி குளோபல் ஹேண்டில்ஸில் போய் முடியும். மற்ற இரண்டிலும் இவ்வளவு சௌகரியம் கிடையாது. ஒரு குறை: ராப்பருக்குப் பின்னால் இருக்கும் 40 எம்பி இமேஜ் பஃபர், நாமாகத் தெரிவிக்காவிட்டால், ஸ்னாப்ஷாட்டில் சில பைட்டுகளாகத்தான் தெரியும். கலெக்டரும் அவசரம் இல்லை என்று சும்மா இருக்கும்.

சரி, கிராஷ் வாடிக்கையாளர் இடத்தில் நடந்து, கையில் கோர் டம்ப் (கிராஷ் ஆன நேரத்து மெமரியின் நகல்) மட்டும் இருந்தால்? சிபைதானோடு வரும் ஜிடிபி ஸ்கிரிப்ட் மெமரியை நேரடியாகப் படிக்கிறது, எந்த ஃபங்ஷனையும் ஓட வைப்பதில்லை. டீபக் சிம்பல்கள் இருந்தால் செத்த ப்ராசஸிலும் 'பை-பிடி', 'பை-லோக்கல்ஸ்' வேலை செய்யும். லூவாவில் நாம் வழக்கமாகச் செய்வது, ஜிடிபிக்குள்ளிருந்து ட்ரேஸ்பேக் ஃபங்ஷனைக் கூப்பிடுவது. உயிரோடு இருக்கும் ப்ராசஸில்தான் அது நடக்கும். கோர் டம்பில் கால்இன்ஃபோ (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பதிவு) சங்கிலியை நாமே நடந்து பார்க்க வேண்டும். வி8-க்கு எல்எல்நோட் என்ற எல்எல்டிபி டீபக்கர் ப்ளகின் உண்டு, ஆனால் அது வி8 பதிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஜிட் செய்த (ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றிய) ஃப்ரேம்களை வெறும் ஜிடிபியால் பெயர் சொல்லிக் காட்ட முடியாது.

எந்த எஞ்சினாக இருந்தாலும் அட்ரஸ் சானிடைசரை (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) போட்டுத்தான் தேடலைத் தொடங்க வேண்டும். நேட்டிவ் ஆப்ஜெக்ட் எங்கே உருவானது, எங்கே விடுபட்டது என்று இரண்டு ஸ்டாக்கையும் அது தரும். ஸ்கிரிப்ட் வரி மட்டும் அதில் இருக்காது. பைதான் சொந்த அலகேட்டருக்குள் மெமரியை வைத்துக்கொள்வதால் 'பைதான்மாலக்' என்விரான்மென்ட் மாறியை மாலக் என்று வைத்து ஓட்டினால்தான் பைதான் ஆப்ஜெக்டுகளையும் அது சரியாகக் கவனிக்கும். லினக்ஸில் ஆர்ஆர் (ஓட்டத்தைப் பதிவு செய்து திருப்பி ஓட்டும் டீபக்கர்) ஓடும் என்றால் இன்னும் நல்லது: பதிவு செய்து, அந்த முகவரியில் வாட்ச்பாயிண்ட் வைத்துப் பின்னோக்கி ஓட்டினால், கடைசியாக அங்கே எழுதிய ஆளிடமே போய் நிற்கும்.

என் தேர்வு இப்படி. வாடிக்கையாளரிடமிருந்து கோர் டம்ப் வரும் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு பைதான். ஸ்கிரிப்ட் எழுதும் ஆட்கள் நிறைய, அவர்களுக்கு ஸ்டெப் செய்யவும் லீக் பார்க்கவும் நல்ல டீபக்கர் வேண்டும் என்றால் வி8. கேமுக்கும் சிறு சாதனங்களுக்கும் லூவாவைத்தான் எடுப்பேன், ஆனால் பைண்டிங்கை இப்படி எழுதினால் மட்டும்: லைட் யூசர்டேட்டா வெளியே போகக் கூடாது. யூசர்டேட்டாவுக்குள் பாயிண்டருக்குப் பதில் இன்டெக்ஸும் ஜெனரேஷன் எண்ணும் (அந்த இடத்துக்கு வேறு ஆப்ஜெக்ட் வரும்போது மாறும் எண்) இருக்க வேண்டும். அப்போது செத்த ஆப்ஜெக்டைத் தொட்டால் கிராஷ் ஆகாமல் ட்ரேஸ்பேக்கோடு லூவா எர்ரர் வரும். அப்புறம், லூவாவையே சி++ ஆகக் கம்பைல் செய்துவிடுங்கள். சி ஆகக் கம்பைல் செய்த லூவா எர்ரர் எழுப்ப லாங்ஜம்ப் (ஸ்டாக்கில் நேராகப் பின்னால் தாவும் சி ஃபங்ஷன்) பயன்படுத்தும். வழியில் இருக்கும் உங்கள் டெஸ்ட்ரக்டர்களுக்கு அது நிற்காது.