லவுடன் கவுண்டியில் வீடு வாங்கி ஆறு வருடம்: எங்கள் அனுபவம்

வர்ஜீனியாவில் லவுடன் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) மேற்குப் பக்கம் வீடு வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதை இங்கே எழுதிவிடுகிறேன்.

இது அமெரிக்காவிலேயே குடும்ப வருமானம் மிக அதிகமான கவுண்டிகளில் ஒன்று. 2016-ல் ஆஷ்பர்னில் ஒரு டவுன்ஹவுஸுக்கு வாடகைக்கு வந்தோம். இந்தியக் கடைகள், நல்ல பள்ளிகள், பக்கத்திலேயே வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையம் என்று எல்லாம் வசதிதான். ஆனாலும் மனசு மேற்கே போய்க்கொண்டே இருந்தது. லீஸ்பர்க் தாண்டினால் குதிரைப் பண்ணைகளும் கல் சுவர்களும் திராட்சைத் தோட்டங்களும் வரும். தூரத்தில் ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடர் தெரியும். 2019 அக்டோபரில் பர்சல்வில்லுக்கு வெளியே மூன்று ஏக்கரில் ஒரு வீடு பார்த்தோம். சமையலறை ஜன்னலில் மலை நின்றது, மரமெல்லாம் சிவப்பு. அங்கேயே முடிவு செய்துவிட்டோம். ஜன்னலைப் பார்த்த அளவுக்கு நாங்கள் தரைக்குக் கீழே பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் டவுன் எல்லைக்கு வெளியே பெரும்பாலும் குழாய்த் தண்ணீரும் கிடையாது, பாதாளச் சாக்கடையும் கிடையாது. வீட்டுக்கு வீடு போர் கிணறு, செப்டிக் டேங்க். செப்டிக்குக் கொடுக்கும் அனுமதி, வீட்டில் எத்தனை படுக்கையறை என்ற கணக்கில்தான் இருக்கும். எங்கள் வீடு நான்கு படுக்கையறை என்று விளம்பரத்தில் இருந்தது. 2021-ல் என் பெற்றோர் வந்து தங்க பேஸ்மென்ட்டில் ஓர் அறை கட்டலாம் என்று கவுண்டி சுகாதாரத் துறையில் எங்கள் வீட்டு செப்டிக் அனுமதிக் கோப்பை எடுத்துப் பார்த்தால், அனுமதி மூன்று அறைக்குத்தான். விற்றவர் சொல்லவில்லை, எங்கள் ஏஜென்ட்டும் கேட்கவில்லை. செப்டிக்கைப் பெரிதாக்கலாம் என்றால், கழிவு நீரை உறிஞ்சும் மண் வேண்டும். சோதனை செய்து பார்த்ததில் எங்கள் நிலத்தின் பெரும்பகுதி களிமண், உறிஞ்சவில்லை. அறை கட்டும் திட்டம் அதோடு நின்றது. அம்மாவும் அப்பாவும் வந்தால் பிள்ளைகள் இருவரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். ஆறு வருடத்தில் எனக்கு உண்மையாகவே வலித்தது இது ஒன்றுதான். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் கையெழுத்துப் போடும் முன் கேட்டிருக்க வேண்டும்.

போர் தண்ணீர் நல்ல ருசி. வருடம் ஒருமுறை கிருமிச் சோதனைக்குக் கொடுக்கிறோம். ஆனால் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் சொட்டுத் தண்ணீர் வராது. முதல் குளிர்காலத்தில் பனிக்கட்டி மழையில் மரக்கிளை கம்பியில் விழுந்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. பனியை உருக்கிக் கழிப்பறைக்கு ஊற்றினோம். அடுத்த மாதமே ஜெனரேட்டர் வாங்கினோம்.

இன்டர்நெட் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஷ்பர்னில் இருப்பது போல டேட்டா சென்டர்கள் (இன்டர்நெட்டை ஓட்டும் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்த பெரிய கட்டடங்கள்) குவிந்த இடம் உலகில் வேறு இல்லை. அங்கிருந்து அரை மணி நேரம் தள்ளி இருக்கும் எங்கள் வீட்டுக்கு 2020-ல் கேபிள் இணைப்பு இல்லை. ஊரடங்கில் பிள்ளைகளின் வகுப்பு செல்போன் சிக்னலில்தான் ஓடியது. ஒரே சாலையில் ஒரு வீட்டுக்கு லைன் இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. அதனால் முகவரியைச் சொல்லி இணைப்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அந்த டேட்டா சென்டர்கள் கட்டும் வரியால்தான் எங்கள் வீட்டு வரி விகிதம் குறைந்திருக்கிறது. 2014-ல் 100 டாலர் மதிப்புக்கு 1.155 டாலராக இருந்தது, 2024-ல் 0.865. வீட்டின் மதிப்பு ஏறிவிட்டதால் கட்டும் தொகை மட்டும் குறையவில்லை. ஜூனிலும் டிசம்பரிலும் இரண்டு தவணை. காருக்கும் தனியாக வருடா வருடம் வரி உண்டு, புதிதாக வருகிறவர்கள் இதில் திடுக்கிடுவார்கள். கிழக்கே வாங்குவதாக இருந்தால் பின்பக்கக் காலி நிலம் எந்த ஜோனிங்கில் இருக்கிறது, அதாவது அதில் என்ன கட்ட அனுமதி உண்டு என்று கவுண்டி வரைபடத்தில் பாருங்கள். காலி நிலம் காலியாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அங்கேயும் ஒரு டேட்டா சென்டர் வரலாம்.

வேலைக்கு ஆஷ்பர்ன் மெட்ரோ வரை காரில் போகிறேன். 2022 நவம்பரில் சில்வர் லைன் என்ற மெட்ரோ ரயில் பாதை அதுவரை நீண்ட பிறகு வாஷிங்டன் போய் வருவது பெரிய பாரமாக இல்லை.

அப்புறம், ஏன் இன்னும் இங்கே இருக்கிறோம்? ஜூன் மாத இரவில் எங்கள் புல்வெளி முழுக்க மின்மினி. 2021-ல், பதினேழு வருடத்துக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வரும் சிள்வண்டுகள் கிளம்பி மரமெல்லாம் இரைந்தபோது பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஓடி வந்து அவை உரித்துப் போட்ட கூடுகளைப் பொறுக்கினார்கள். பழைய ரயில் பாதையில் போட்ட 45 மைல் சைக்கிள் தடம் பர்சல்வில்லில்தான் முடிகிறது. ஞாயிறு காலையில் அப்பாவும் நானும் அதில் நடப்போம். மதுரையில் வாக்கிங் போக மறுத்தவர், இங்கே ஐந்தரை மணிக்கே ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் ஒரு நண்பர் லவட்ஸ்வில் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னலில் மலை தெரிகிறது என்றார். சரி, விலை பேசுவதற்கு முன் செப்டிக் கோப்பை எடுங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை சுகாதாரத் துறைக்குப் போகிறார், நானும் கூடப் போகிறேன்.