ஆன்கி: வரலாற்றுக்குக் கை கொடுக்கும், கட்டுரைக்குக் கை விரிக்கும்

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வரலாறும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தேர்வு நெருங்க நெருங்க பெற்றோர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "படிக்க ஏதாவது நல்ல ஆப் இருக்கா மிஸ்?" இருக்கிறது, ஆன்கி. ஆனால் போனில் ஏற்றிப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட முடியாது. என் வகுப்பிலும், வீட்டில் அக்கா மகனோடு உட்கார்ந்தும் பயன்படுத்திப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் தொடங்கிய மென்பொருள் இது. திரையில் அட்டை அட்டையாக வரும். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலை மனதில் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். சுலபமாக வந்தது என்றால் அந்த அட்டை பல நாள் கழித்துத்தான் மறுபடி வரும். தடுமாறினால் சீக்கிரமே வந்து நிற்கும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை காசு கட்ட வேண்டும். விளம்பரம் கிடையாது. பட்டாசு வெடிப்பது, பதக்கம் கொடுப்பது, "சபாஷ்" போடுவது எதுவும் கிடையாது. பார்க்க அரசாங்கப் படிவம் மாதிரிதான் இருக்கும். எனக்கு அதுவே பிடித்தது. பிள்ளைகளுக்கு முதல் வாரம் பிடிக்காது.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறந்துபோகிறது என்று அளந்து 1885இலேயே புத்தகம் போட்டுவிட்டார். பிள்ளைகளிடம் நான் சொல்வது அதற்குப் பிந்தைய ஒரு சோதனையை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நின்றது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. "நேத்து ராத்திரி படிச்சப்ப எல்லாம் தெரிஞ்சுது மிஸ்" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. அந்த ஐந்தாவது நிமிடத்து நினைப்பைத்தான் அவர்கள் நம்பிவிடுகிறார்கள். பாடப் புத்தகம் முழுக்க மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் வரலாறு, ஆன்கி நன்றாக உழைப்பது அங்கேதான். இணையத்தில் யார் யாரோ செய்து வைத்த அட்டைத் தொகுப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பேன். அக்கா மகன் இறக்கிய ஒரு தொகுப்பில் முதல் உலகப் போர் முடிந்த தேதி என்று 28 ஜூன் 1919 இருந்தது. அது போருக்குப் பின் ஜெர்மனியோடு போட்ட வெர்சாய் சமாதான உடன்படிக்கை கையெழுத்தான நாள். சண்டை நின்றது 11 நவம்பர் 1918. பையன் அதை ஐந்தாறு தடவை "சரி"யாகச் சொல்லி, கல்வெட்டு போல மனதில் பதித்து வைத்திருந்தான். தப்பாகப் பதிந்ததைக் கிளப்பி எடுப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். அதோடு, அட்டையை எழுதுவதே பாதிப் படிப்பு. எதைக் கேட்பது, எதை விடுவது என்று யோசிக்கும்போதே பாடம் உள்ளே இறங்கிவிடுகிறது. அந்தப் பாதியை ஏன் ஊர் பேர் தெரியாதவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

எழுதுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. "வெர்சாய் உடன்படிக்கையின் விதிகள் யாவை?" என்று ஒரே அட்டையில் போட்டு, பின்பக்கம் பத்து வரி எழுதினால் அந்த அட்டை வரும்போதெல்லாம் பிள்ளை பெருமூச்சு விடும். உடைத்துப் போட வேண்டும். ஜெர்மன் ராணுவத்துக்கு எத்தனை பேர் வரை அனுமதி? ஒரு லட்சம். போருக்கான பழியை ஏற்கச் சொன்ன பிரிவு எது? 231. எந்தப் பகுதி பிரான்சுக்குத் திரும்பிப் போனது? அல்சேஸ்-லொரைன். இழப்பீட்டுத் தொகை உடன்படிக்கையிலேயே இருந்ததா? இல்லை, 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது 1921இல். இந்தக் கடைசி அட்டை எனக்குப் பிடித்தமானது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அந்தத் தொகை 1919இலேயே முடிவானது என்று எழுதிவிட்டு வருவார்கள்.

ஒரே மாதிரித் தேதிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சரயேவோவில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்டது 28 ஜூன் 1914. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது 28 ஜூலை. வெர்சாய் மறுபடி 28 ஜூன். மூன்று தனி அட்டைகளாகப் போட்டால் பையன் மூன்றையும் கலக்கி ஆறாக்குவான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் நான்காவது அட்டை ஒன்று சேர்த்தோம், அதன்பின் குழப்பம் தீர்ந்தது. ஒரே அட்டையில் எட்டு முறை சறுக்கினால் ஆன்கியே அதற்கு "லீச்" என்று முத்திரை குத்திவிடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அட்டைப் பூச்சிதான், வேறென்ன! அதை அழித்துவிட்டு வேறு மாதிரிக் கேட்டு எழுதுவதுதான் வழி.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் பையன் வந்து நின்றான். "சித்தி, கார்டுல கேட்டா டக்குனு வருது. பேப்பர்ல கேட்டா ஒண்ணுமே வரல." விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். வெர்சாய் உடன்படிக்கையை ஜெர்மானியர் ஏன் வெறுத்தார்கள் என்பது கேள்வி. இவன் 231, ஒரு லட்சம், அல்சேஸ்-லொரைன் என்று மூன்று வரியில் பட்டியல் போட்டுவிட்டுப் பேனாவை மூடியிருக்கிறான். தகவல் ஒன்றுகூடத் தப்பில்லை, ஆனால் பதில் இல்லை. அன்றிலிருந்து "எப்போது", "எத்தனை" என்று கேட்கும் ஒவ்வொரு அட்டைக்கும் "ஏன்", "அதனால் என்ன ஆயிற்று" என்று கேட்கும் ஓர் அட்டை துணைக்குப் போக வேண்டும் என்று விதி வைத்தேன்.

உதாரணத்துக்கு 1933. ஜனவரி 30 ஹிட்லர் சான்சலர் ஆகிறார், பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடம் எரிகிறது, மார்ச் 23 நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஹிட்லர் அரசு சட்டம் போட வழி செய்த அதிகாரமளிப்புச் சட்டம் நிறைவேறுகிறது. இந்தத் தேதிகள் மூன்று அட்டை. நடுவில் பாலம் போடும் இரண்டு அட்டைகள். அந்தத் தீ ஹிட்லருக்கு எதற்கு வழி விட்டது? மறுநாளே வந்த அவசர ஆணைக்கு. அதில் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமையெல்லாம் பறிபோயின, கம்யூனிஸ்டுகள் கைதானார்கள். அந்தக் கைதுகளுக்கும் மார்ச் 23க்கும் என்ன தொடர்பு? சட்டம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், எதிர்த்து வாக்களித்திருக்கக்கூடிய கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவையிலேயே இல்லை. இந்தப் பதில்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன், மனதுக்குள் முணுமுணுத்தால் ஏற்கமாட்டேன். பிறகு பேப்பரில் பத்தி பத்தியாக வர ஆரம்பித்தது.

வரைபடக் கேள்விக்கு ஒரு வசதி உண்டு. 2023இல் வந்த பதிப்பிலிருந்து, படத்தின் மேல் கட்டம் போட்டுப் பெயர்களை மறைக்கும் வசதி ஆன்கிக்குள்ளேயே இருக்கிறது. 1914இன் ஐரோப்பாவை ஒருமுறை ஏற்றி மறைத்துவிட்டால் போதும், ஒவ்வொரு நாடும் தனி அட்டையாகிவிடும்.

பிள்ளைகள் இதில் செய்யும் பெரிய திருட்டு ஒன்று உண்டு. திரையில் நான்கு பொத்தான்கள்: எகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. பதில் வராதபோது அமுக்க வேண்டியது எகெய்ன். ஆனால் தோற்றதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் ஹார்டை அமுக்குவார்கள். ஹார்ட் என்றால் "கஷ்டப்பட்டேன், ஆனால் சொல்லிவிட்டேன்" என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும், தெரியாத அட்டையையும் தள்ளித் தள்ளிப் போடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்து அட்டை பார்த்தால் உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று தெரிந்துவிடும். எகெய்ன், குட் இரண்டை மட்டும் பயன்படுத்து என்று சொல்லிவிடுவது நல்லது.

ஆங்கிலத்துக்கு வருவோம். இங்கே பெரும்பாலோர் செய்வது, கடினமான சொற்களைப் பொருளோடு ஐநூறு அட்டை போடுவது. அந்தச் சொற்களில் பாதி எந்தத் தேர்விலும் வராது, வந்தாலும் வாக்கியத்தில் வைத்து எழுதத் தெரியாது. நான் போடச் சொல்லும் அட்டைகள் அந்தப் பிள்ளையின் திருத்தப்பட்ட விடைத்தாளிலிருந்தே வரும். சிவப்பு மை பட்ட ஒவ்வொரு இடமும் ஓர் அட்டை. "வி டிஸ்கஸ்ட் அபவுட் தி பிளான்" என்று எழுதியிருந்தால், சரியான முழு வாக்கியத்தை எழுதி, நடுவில் ஓர் இடத்தை மறைத்துவிட வேண்டும். அங்கே "அபவுட்" வராது என்பதைக் கை பழகிக்கொள்ளும். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று ஒருமையில் நிறுத்துவது, "தோ" என்று தொடங்கிய வாக்கியத்தில் நடுவே "பட்" போடுவது, "லுக்கிங் ஃபார்வர்ட் டு" என்பதற்குப் பின் "சீயிங்" என்று எழுதாமல் "சீ" என்று எழுதுவது, இவையெல்லாம் நம் பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழைகள். ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் "யெஸ்டர்டே", "தி டே பிஃபோர்" ஆவது போன்ற மாற்றங்களும் அட்டைக்கு ஏற்றவை. விதியை அட்டையில் எழுதாதீர்கள். விதியைச் சொல்லத் தெரிந்த பிள்ளை வாக்கியத்தில் தவறு விடுவதைத் தினமும் பார்க்கிறேன்.

செய்யுள், கதைப் பாடங்களுக்கு மேற்கோள் அட்டை போடலாம். மேற்கோள் நாலைந்து சொல்லுக்கு மேல் போகாமல், பின்பக்கம் அது எந்தக் குணத்தைக் காட்டுகிறது என்று ஒரு வரி. அவ்வளவு போதும்.

இனி, ஆன்கியால் முடியாதவை. படித்துப் பார்க்காத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்களே, அதற்கு இது எந்த உதவியும் செய்யாது. கடிதம், கட்டுரை, அறிக்கை எழுதும் பயிற்சிக்கும் அப்படியே. ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்துக்கு எப்படி வழிவிடுகிறது என்பதை அட்டையில் அடைக்க முடியாது. வரலாற்றில் "விவரி" என்ற கேள்விக்கும் "எந்த அளவுக்கு ஏற்கிறாய்" என்ற கேள்விக்கும் ஒரே பதிலை எழுதிவிட்டு வருவதையும் அது தடுக்காது. இதற்கெல்லாம் பழைய வினாத்தாள், வெள்ளைத் தாள், எதிரில் ஒரு கடிகாரம்தான். எழுதியதைத் திருத்த ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் விடைக்குறிப்பின்படி மதிப்பெண் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் படிக்க உட்கார்ந்தால் ஆன்கிக்கு இருபது நிமிடம், மீதி எழுதுவதற்கு என்பதுதான் நான் சொல்லும் கணக்கு. முழு நேரமும் அட்டை தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை படிப்பது போலத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல் தேர்வுத் தேதி. உங்கள் பிள்ளைக்கு எப்போது தேர்வு என்பது ஆன்கிக்குத் தெரியாது. நன்றாகத் தெரிந்த அட்டையை மூன்று மாதம் கழித்துக் காட்டுகிறேன் என்று போட்டு வைக்கும், தேர்வோ அடுத்த மாதம் இருக்கும். அமைப்புகளில் அதிகபட்ச இடைவெளி என்று ஓர் எண் இருக்கிறது. அதைத் தேர்வுக்கு மிச்சமுள்ள நாட்களில் பாதியாகக் குறைத்து வைப்பேன். அந்தப் பக்கத்தில் இன்னும் என்னென்னவோ இருக்கும், விமான ஓட்டி அறைபோல. தொட வேண்டாம். அட்டை திரும்ப வரும்போது எத்தனை சதவீதம் நினைவில் இருக்க வேண்டும் என்று குறிக்கும் "இலக்கு நினைவு விகிதம்" 90 சதவீதத்தில் இருப்பதை 97க்கு ஏற்றினால் மதிப்பெண் கூடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கூடுவது தினசரி அட்டைகளின் எண்ணிக்கைதான்.

புதிய அட்டைகள் நாளுக்கு 20 என்று வைத்துத்தான் வரும். இரண்டு பாடத்துக்கும் சேர்த்து அது அதிகம், பத்து போதும். ஒரு வாரம் விட்டுவிட்டுத் திறந்தால் இருநூறு, முந்நூறு அட்டைகள் காத்திருக்கும், பிள்ளை அப்படியே மூடி வைத்துவிடும். அப்போது புதியவற்றை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஐம்பது என்று பழையதைக் கரைக்கலாம். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இதை முதன்முதலாக இறக்கிப் பார்க்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன், அந்த நேரத்துக்கு வினாத்தாள் எழுதிப் பார்ப்பதே மேல். இரண்டு மூன்று மாதமாவது கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

அட்டைகளைக் கணினியில் எழுதுங்கள், போனில் தட்டச்சு செய்தால் பொறுமை போய்விடும். பார்ப்பதற்குப் போன் போதும். இரண்டையும் இணைக்கும் சேவைக்குக் காசில்லை, ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். ஆனால் ஒன்றை மூடும் முன்பும் மற்றதைத் திறந்தவுடனும் சிங்க் பொத்தானை அமுக்கப் பழக்கிவிடுங்கள். அமுக்காமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வேலை செய்துவிட்டால், எதை வைத்துக்கொள்வது என்று சில நேரம் உங்களிடமே கேட்கும். அந்தக் கேள்விக்குப் பிள்ளையைத் தனியாகப் பதில் சொல்ல விடாதீர்கள்.