4 ஜிபி மிஷினில் லினக்ஸ்: எதைப் போடலாம், எதை விடலாம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் ராமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம், ராம் தீர்ந்து மிஷின் நிற்குமுன் காப்பாற்றும் எர்லிஊம் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள், கூடவே டிஸ்கில் இடத்தை அடைப்பது எது என்று காட்டும் என்சிடியு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், கிளீனர் என்று சொல்லிக்கொண்டு வரும் எதன் பக்கமும் போகாதீர்கள்.

நான் இவற்றையெல்லாம் ஓட்டிப் பார்ப்பது பாளையில் எங்கள் ஜெராக்ஸ் கடை மிஷினில். 4 ஜிபி ராம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். சுற்றிலும் கல்லூரிகள் என்பதால் அட்மிஷன் சமயத்தில் நிற்க இடமிருக்காது. பிரவுசரில் நாலைந்து விண்ணப்பங்கள், வாட்ஸ்அப் வெப், லிபரே ஆபீஸில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ ஒன்று, பக்கத்தில் ஸ்கேனர், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததிலிருந்து, "இதுல லினக்ஸ் போட்டா ஓடுமா அண்ணாச்சி?" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். ஓடும். ஆனால் போட்டபடியே விட்டால் திணறும்.

திணறல் எங்கிருந்து வருகிறது என்றால், ராம் நிறைந்ததும் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, உபரியை ஹார்ட் டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குத் தள்ளும், டிஸ்கோ ராமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது, உடனே டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் அசையாது, கடைப்பையன் "நின்னுட்டு" என்று அறிவித்துவிட்டு டீ வாங்கக் கிளம்பிவிடுவான். இசட்ரேம் செய்வது இதுதான்: தள்ளவேண்டியதை டிஸ்குக்கு அனுப்பாமல், சுருக்கி ராமிலேயே ஒரு பக்கம் வைத்துக்கொள்கிறது. ராமை எடுத்து ராமுக்கே கொடுத்தால் என்ன லாபம் என்று தோன்றும். பொதுவாக பாதிக்குப் பாதியாவது சுருங்கும் என்று கெர்னல் ஆவணமே எதிர்பார்க்கிறது, பிரவுசர் அடைத்து வைக்கும் சாமான் பல நேரம் அதைவிட நன்றாகவே சுருங்குகிறது. இசட்ரேம்சிடிஎல் (zramctl) கட்டளையை அடித்தால் சுருக்குமுன் எவ்வளவு, சுருக்கியபின் எவ்வளவு என்று அடுத்தடுத்த பத்தியில் காட்டும். கடை மிஷினில் பரபரப்பான ஒரு மத்தியானம் பார்த்தபோது 1.4 ஜிபி சரக்கு 400 எம்பிக்குக் கொஞ்சம் மேலே அடங்கி உட்கார்ந்திருந்தது.

இது புதுச் சரக்கும் இல்லை, 2014-லேயே கெர்னல் 3.14-க்குள் வந்துவிட்டது, ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் 2020-ல் 33-வது பதிப்பிலிருந்து இதையே இயல்பான ஸ்வாப்பாக வைத்திருக்கிறது. மின்ட்டில் நாம்தான் போடவேண்டும். பேக்கேஜின் பெயர் இசட்ரேம்-டூல்ஸ். போட்டதும் ஈடிசி டைரக்டரியில், டிஃபால்ட் ஃபோல்டருக்குள் இசட்ரேம்ஸ்வாப் என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் அல்காரிதம், சதவீதம் என்ற இரண்டு வரிகளின் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை எடுத்துவிட்டு, முதலாவதை, அதாவது சுருக்கும் முறையை, இசட்எஸ்டிடி (zstd) என்றும் அடுத்ததை 50, அதாவது ராமில் பாதி, என்றும் வையுங்கள். சிபியு ரொம்பப் பழசு என்றால் எல்இசட்4 போதும், சுருக்கம் குறைவு, வேகம் அதிகம்.

இத்தோடு சேர்த்துச் செய்யவேண்டிய ஒன்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்புக்குத் தள்ளலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் என்ற எண் இயல்பாக 60-ல் இருக்கும், அதை 10 ஆக்கு என்ற அறிவுரையை இணையத்தில் எங்கு பார்த்தாலும் ஒப்பிப்பார்கள். டிஸ்கில் ஸ்வாப் இருந்தால் அதில் நியாயம் உண்டு. இசட்ரேம் போட்டபின் அதே 10-ஐ வைத்திருந்தால், போட்டதை உபயோகிக்காதே என்று நாமே சொன்ன மாதிரி. கெர்னல் 5.8-லிருந்து 200 வரை ஏற்றலாம், நான் 150 வைத்திருக்கிறேன்.

சரி, எர்லிஊம். இசட்ரேமும் நிறைந்துபோனால் என்ன ஆகும்? கெர்னலுக்குள்ளேயே நினைவகம் தீர்ந்தால் ஏதோ ஒரு ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, கொல்லும் ஏற்பாடு உண்டு, ஆனால் அது விழித்துக்கொள்வதற்குள் நாம் பவர் பட்டனை அமுக்கியிருப்போம். எர்லிஊம் முந்திக்கொள்கிறது. கைவசம் இருக்கும் ராமும் காலி ஸ்வாப்பும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே போனதும், அதிகம் விழுங்கிக்கொண்டிருப்பதை மரியாதையாகப் போகச் சொல்லும், 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மரியாதை கிடையாது. பெரும்பாலும் பலியாவது பிரவுசரின் ஒரு டேப்தான், மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. எந்த டேப்பில் பாதி நிரப்பிய விண்ணப்பம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அப்பா வருமானம், சாதிச் சான்றிதழ் எண், பிளஸ் டூ மதிப்பெண் எல்லாம் அடித்து முடித்த பக்கம் போய்விட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் விண்ணப்பங்களுக்கு குரோமியம், வாட்ஸ்அப் முதலிய மற்றவற்றுக்கு ஃபயர்ஃபாக்ஸ் என்று பிரித்து, எர்லிஊமின் அமைப்புக் கோப்பில் தொடாதே என்று சொல்லும் அவாய்ட் பட்டியலில் குரோமியத்தையும் லிபரே ஆபீஸையும், முதலில் இதைக் கொல் என்று சொல்லும் ப்ரிஃபர் பட்டியலில் ஃபயர்ஃபாக்ஸ் டேப்பையும் எழுதி வையுங்கள். ஒரு நுணுக்கம்: ஃபயர்ஃபாக்ஸ் டேப்பின் ப்ராசஸ் பெயரை முழுசாக எழுதினால் பிடிக்காது. கெர்னல் பெயரை 15 எழுத்தோடு வெட்டிவிடுவதால் அது 'ஐசோலேட்டட் வெப் கோ' என்று மொட்டையாகத்தான் தெரியும், அப்படியே எழுதவேண்டும்.

லேப்டாப் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் டிஎல்பி பற்றிப் பாதி மனசுதான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு நல்லது, எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு 75-க்குக் கீழே வந்தால் ஏற்று, 80-ல் நிறுத்து என்று வரம்பு வைக்கலாம், நம்ம ஊர் சித்திரை வெயிலில் 100 சதவீதத்திலேயே வெந்துகொண்டிருக்கும் பேட்டரிக்கு அது பெரிய உபகாரம். ஆனால் கரண்ட் போனால் அந்த 20 சதவீதம் கையில் இருக்காது, யுபிஎஸ் இல்லாத கடைக்கு அது யோசிக்கவேண்டிய விஷயம். எல்லா லேப்டாப்பிலும் இந்த வரம்பு வேலை செய்யாது, டிஎல்பி-ஸ்டாட்டில் பேட்டரி பகுதியைப் பார்த்தால் உங்களுடையதில் உண்டா என்று தெரிந்துவிடும். இதேபோல் மின்சாரச் செலவைக் கவனிக்கும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் ஏற்கெனவே ஓடினால் அதை நீக்கிவிடுங்கள், இரண்டுக்கும் ஒத்துவராது.

பிளீச்பிட் என்ற கிளீனர் வேண்டாம். பிரவுசர் கேஷைத் துடைத்துவிட்டு இத்தனை எம்பி மிச்சம் என்று பெருமையாகக் காட்டும், அதே கேஷை அடுத்த நாளே நெட்டைச் செலவழித்துத் திரும்பச் சேர்ப்போம். இடத்தை நிஜமாக அடைப்பது எது என்று என்சிடியு காட்டும்: டெர்மினலில் ஓட்டினால் ஃபோல்டர்களைப் பெரியது முதல் வரிசையாக அடுக்கிவிடும், உள்ளே நுழைந்து பார்த்து அங்கேயே அழிக்கலாம். பெரும்பாலும் டவுன்லோட்ஸில் யாருடைய ஸ்கேனோ, இல்லாவிட்டால் சிஸ்டம் தன் நடப்புகளைப் பதிந்து வைக்கும் சிஸ்டம்டி ஜர்னல். அந்த ஜர்னல் இயல்பாக டிஸ்கில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி வரை வளர அனுமதி உண்டு. ஜர்னல்டி அமைப்பில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ் வரியை 200 எம்பி ஆக்கிவிட்டால் மறந்துவிடலாம்.

காப்பிக்யூ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. காப்பி செய்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி இது, டிடிபி வேலைக்கு அருமை, ஒரே முகவரியைப் பத்துத் தடவை ஒட்டவேண்டிய பத்திரிகை வேலையில் கை சோர்ந்துபோகாமல் இருப்பது இதனால்தான். ஆனால் இயல்பாகக் கடைசி 200 துண்டுகளை டிஸ்கிலேயே எழுதி வைக்கிறது, நாலு பேர் வந்து உட்காரும் மிஷினில் அதில் எத்தனை ஆதார் எண், எத்தனை பாஸ்வேர்டு கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை 10-க்குக் குறையுங்கள், விண்ணப்பம் போடும் நேரத்தில் சேமிப்பை நிறுத்தி வையுங்கள், அதற்கு அதன் ஃபைல் மெனுவிலேயே வழி இருக்கிறது. பொதுக் கம்ப்யூட்டரில் இதைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால் காப்பிக்யூவே போடாதீர்கள்.