நாரி உளைவு: ஒத்தணமா, பட்டியா, நடையா?

நாள் முழுவதும் கதிரையில் இருந்து வேலை செய்கிறவரின் நாரி மாலையில் உளையத் தொடங்கினால், யாழ்ப்பாணத்தில் அவருக்கு வழி சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. அம்மா ஒத்தணம் என்பார். கந்தோரில் ஒருவர் இடுப்புப் பட்டி என்பார். மருந்துக்கடையில் குளிசை தருவார்கள். பக்கத்து வீட்டு அண்ணை இரண்டு நாள் படுத்தெழும்பினால் சரி என்பார். இவற்றை ஒரே தராசில் ஏற்றுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்றிரவு வலியைத் தணிப்பது ஒரு வேலை, அடுத்த மாதம் அது திரும்பி வராமல் பார்ப்பது வேறு வேலை. மேற்சொன்னவற்றில் இரண்டாவது வேலையைச் செய்வது ஒன்றுமில்லை.

முதல் வேலைக்கு என் தேர்வு ஒத்தணம். கல்லுப்பைச் சட்டியில் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் பொட்டணமாகக் கட்டி, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தபின், முள்ளந்தண்டின் இரு பக்கமும் ஒற்றி எடுத்தால், இறுகிக் கிடந்த தசை சிறிது நேரத்தில் இளகுவது தெரியும். நொச்சியிலை சேர்த்தாலும் எண்ணெய் பூசினாலும், வேலை செய்வது பெரும்பாலும் சூடும் கையழுத்தமும்தான் என்று நான் கருதுகிறேன். கைதடியில் சித்த மருத்துவம் படித்தவர்கள் இதற்கு என்னோடு சண்டைக்கு வரக்கூடும். நீரிழிவால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் சூட்டை வேறொருவரைக் கொண்டு சோதிப்பிக்க வேண்டும்.

குளிசையில் பலரும் முதலில் எடுப்பது பரசிற்றமோல். திடீரென வந்த நாரி வலியுடையவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், அதை எடுத்தவர்கள் வெற்றுக் குளிசை எடுத்தவர்களை விட விரைவாகக் குணமடையவில்லை. இபுபுரோபென், டைக்குளோபெனாக் போன்றவை ஓரளவு கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடக்கூடாது.

பட்டியை நானும் கட்டிப் பார்த்தேன். சித்திரை வெயிலில், மின்விசிறியும் ஓடாத மதியத்தில், அதற்குள் வேர்த்து வேர்க்குரு போட்டதுதான் கண்ட பலன். நாட்பட்ட நாரி வலிக்கான வழிகாட்டலை 2023இல் வெளியிட்ட உலக சுகாதார நிறுவனமும் பட்டியைப் பரிந்துரைக்கவில்லை, உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. படுக்கையில் கிடப்பதும் இப்போது கைவிடப்பட்ட வைத்தியமே.

இனி நடை. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்கு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நேரடி இரத்த ஓட்டம் இல்லை. சுற்றியுள்ள இழையங்களிலிருந்து ஊறி வருவதே அதற்குப் போசணை. அசையாமல் ஒரே வளைவில் இருக்கும்போது வட்டும் தசையும் ஒரே சுமையைத் தொடர்ந்து தாங்குகின்றன. நாரி வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், இயன்மருத்துவரின் வழிகாட்டலில் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப எடுத்த இடைக்காலம் 208 நாள். அந்த வழிகாட்டல் பெறாதவர்களுக்கு 112 நாள். அவர்களுக்கு வைத்த இலக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். பண்ணைக் கடலோரத்திலோ நல்லூர்க் கோயிலின் வெளிவீதியிலோ வெயில் ஏறமுன் அதை முடித்துவிடலாம், காசும் செலவில்லை. நடையின் குறை ஒன்றே: இன்றிரவு வலிக்கு அது உடனே கேட்காது.

ஆனால் காலையில் நடந்துவிட்டுப் பகலில் எட்டு மணித்தியாலம் அசையாதிருப்பதை நான் நடை என்று கணக்கில் எடுப்பதில்லை. மேசையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் குசினிக்கு மாற்றினேன். தாகமெடுக்கும் போதெல்லாம் எழும்ப வேண்டியதாயிற்று. விலை கூடிய கதிரை வாங்க நினைப்பவர், அதற்கு முன் துவாயொன்றைச் சுருட்டி நாரிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கட்டும்.

ஆறு வாரமாகியும் குறையாத வலியுடன் இயன்மருத்துவரிடம் போவது பட்டிக்கடைக்குப் போவதிலும் மேல். கால் பலமிழந்தால், கவட்டுப் பகுதி மரத்தால், சலமோ மலமோ கட்டுப்படாமல் போனால், வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ சேர்ந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. கால் பலமிழப்பு, மரப்பு, சலம் மலம் கட்டுப்படாமை ஆகியவற்றுக்கு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றவற்றுக்கும் வைத்தியரிடம் தாமதிக்கக் கூடாது.