பி.ஏ. இதழியல்: மூன்று வருடப் படிப்பு, எட்டு வருட டெஸ்க்

2014இல் சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. இதழியல் சேர்ந்தேன். "பேப்பர்ல எழுத எதுக்குப்பா டிகிரி?" என்றார் விழுப்புரத்திலிருந்து கூட வந்த மாமா. 2017இல் படிப்பை முடித்தேன். அன்றிலிருந்து தமிழ்ச் செய்தி டெஸ்க்கில்தான் வேலை, அதாவது வந்து சேரும் செய்திகளைத் திருத்தி, மொழிபெயர்த்து வெளியிடத் தயார் செய்யும் இடம். மாமாவின் கேள்விக்கு இப்போது கொஞ்சம் பதில் சொல்ல முடியும்.

முதல் வருடம் ஏமாற்றம்தான். கேமரா, மைக் என்று கனவோடு போனால் தமிழ், ஆங்கிலம், பொருளாதாரம், அரசியல் என்று ஓடியது. இதழியலுக்கென்று இருந்த தாள்களில் பாதி வரையறை மனப்பாடம். ஐந்து டபிள்யூ, ஒரு ஹெச் (யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி), தலைகீழ்ப் பிரமிடு (முக்கியமானதை முதலில் சொல்வது) இதையெல்லாம் டெஸ்க்கில் ஒரே வாரத்தில் கற்றுவிடலாம். அதற்கு மூன்று வருடம் தேவையே இல்லை.

ஆனால் அன்று சலித்துக்கொண்ட துணைப்பாடங்கள்தான் இன்று சோறு போடுகின்றன. பொருளாதார வகுப்பில் ஒரு பேராசிரியை சதவீதத்துக்கும் சதவீதப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மணி நேரம் நடத்தினார். வட்டி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதம் ஆனால் உயர்வு 2 சதவீதம் அல்ல. 2 சதவீதப் புள்ளி. சதவீதக் கணக்கில் பார்த்தால் 50 சதவீத உயர்வு. பட்ஜெட் நாளில் வந்து விழும் காப்பிகளில், அதாவது திருத்தாத செய்திகளில், எத்தனை முறை இதைத் திருத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. நிதிப் பற்றாக்குறையும் வருவாய்ப் பற்றாக்குறையும் ஒன்றல்ல என்று தெரிந்ததும் அந்த வகுப்பில்தான்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். 2005ஆம் வருடத்துச் சட்டத்தைப் பாடமாக நடத்தியதோடு விடாமல், ஆளுக்கொரு மனு போடச் சொன்னார்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை எப்போது வரும் என்று கேட்டேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதில், கேள்வி தெளிவாக இல்லை என்பது. சரிதான், எதிர்காலத்தைக் கேட்டால் என்ன தருவார்கள்? கோப்பில் ஏற்கெனவே இருப்பதைத்தான் கேட்க வேண்டும்: எத்தனை நிறுத்தம், எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு. இரண்டாவது மனுவுக்கு எட்டுப் பக்கம் வந்தது.

சட்டத் தாளில் படித்த எண்கள் மட்டும் காலாவதி. அவதூறுக்கு நாங்கள் உருப்போட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகிவிட்டன. எண் மாறினால் என்ன, ஒரு பெயரை எழுதும் முன் கை ஒரு நொடி நிற்கிறதே, அந்தப் பழக்கம் மாறவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் இரண்டாம் வருடம். ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியாமல் டிசம்பர் 2 அன்று தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி ஆனது அதுவே முதல்முறை. நாங்கள் நாலு பேர் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைத் தெருக்களில் சுற்றி, நோட்டு நிறைய எழுதி வந்தோம். மாணவர்கள் பயிற்சிக்காக நடத்தும் கல்லூரியின் லேப் ஜர்னலில் அது வந்தது பிப்ரவரியில்! அதைவிடக் கொடுமை, விடுதித் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி நாங்கள் எழுதிய அரைப்பக்கம் கடைசி நேரத்தில் காணாமல் போய், அந்த இடத்தில் விளையாட்டு விழாப் படம் வந்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்குத் தனித் தாள் இருந்த கல்லூரி அது.

பெரிய குறை மொழி. தமிழ் ஒரு பாடமாக இருந்தது. அதில் பாரதி கவிஞர். 1904இல் அவர் சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியது இதழியல் வரலாற்றில் ஒரே ஒரு வரி. ஆனால் தமிழில் செய்தி எழுத எந்தத் தாளும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் செய்தி ஏஜென்சி அனுப்பிய ஆங்கிலக் காப்பி ஒன்றை ஒரே வாக்கியமாக, ஏழு வரிக்கு மொழிபெயர்த்து வைத்தேன். டெஸ்க்கின் தலைமை உதவி ஆசிரியரான சீஃப் சப் திருப்பித் தந்தார். "தம்பி, இதை உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவங்க முகம் சுளிக்கிற இடத்துல புள்ளி வைங்க." அம்மாவுக்கு போன் போட்டேன். இரண்டாவது வரியிலேயே "யாரு செத்தது?" என்றார்.

சம்பளம்? முதல் மாதம் பதினான்காயிரம், திருவல்லிக்கேணி மேன்ஷனில் பங்கு அறை. அதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

இந்த வருடம் அந்த மாமாவின் பேத்தி பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரி மாதிரி இடங்களில் முதுநிலைப் பட்டயத்துக்கு எந்தப் பட்டம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். அப்புறம் எதற்கு இளநிலையிலேயே இதழியல் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. துணைப்பாடங்கள் நன்றாக இருக்கும் கல்லூரி கிடைத்தால் சேர், இல்லையென்றால் பொருளாதாரமோ வரலாறோ படித்துவிட்டு வா என்றேன். எதுவானாலும் தமிழ்99 விசைப்பலகையை இந்த லீவிலேயே பழகிக்கொள்ளச் சொன்னேன். எனக்கு அதை டெஸ்க்கில்தான் கற்றுத்தந்தார்கள், டெட்லைனோடு சேர்த்து.

பத்து நாளாகப் பழகுகிறாள். நேற்று எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தோண்டியதைச் செய்தியாக அடித்து அனுப்பினாள். ஒன்பது வரி, நாலு வாக்கியம். 'வாழ்க' மட்டும் 'வால்க' என்று விழுந்திருந்தது.