ஸ்பிரிங்கா, பிசிபியா? உப்புக்காற்று ஊரில் முதல் ஏர் ரைபிள்

அக்காள் மகன் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழக வேண்டும் என்று சொன்ன நாள் முதல் வீட்டில் ஒரே கேள்விதான்: ஸ்பிரிங் ரைபிளா, முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கும் பிசிபியா? 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற பிரிவு இது. பையன் பிசிபியைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கீழக்கரையில் கடலுக்கு நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கும் நான் அவசரப்படவில்லை.

ஸ்பிரிங் ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை இழுத்துச் சுருள்வில்லை அமுக்க வேண்டும். விசையை அழுத்தியதும் வில் விரிந்து காற்றை நெருக்கிக் குண்டைத் தள்ளும். குண்டு குழலைத் தாண்டும் முன்பே ரைபிள் குலுங்கத் தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். உள்ளங்கையில் ஏந்தினாற்போல் வைத்திருக்க வேண்டும். பிசிபியில் காற்று ஏற்கெனவே சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வரை அடைபட்டிருக்கும். விசை அதில் ஒரு சிட்டிகையைத் திறந்துவிடும், அவ்வளவே. குலுக்கல் அநேகமாக இல்லை. இலக்கின் நடுவில் உள்ள பத்து மதிப்பெண் வட்டம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு. துல்லியத்தில் பிசிபிக்கே என் ஓட்டு.

ஆனால் அந்த 200 பார் எங்கிருந்து வரும்? கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தம் அது. சங்கு குளிப்பவர்களில் சிலர் படகில் வைத்திருக்கும் கம்ப்ரசர் உதவாதா என்று ஒருவர் கேட்டார். அது மூச்சுக்குக் காற்று அனுப்பும் இயந்திரம். இந்த அழுத்தத்துக்குக் கிட்டேகூட வராது. மிஞ்சுவது கைப்பம்பு. காற்றை நெருக்க நெருக்க அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். ஐப்பசி மழையில் உப்பு டப்பாவே கசியும் ஊர் இது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வடிகட்டி இல்லாமல் பம்பு அடித்தால், அந்த நீர் சிலிண்டருக்குள் போய் வால்வை அரிக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

ஸ்பிரிங் மட்டும் துருப்பிடிக்காதா என்றால், பிடிக்கும். நண்பர் ஒருவரின் ரைபிளை ஒரு மாலை பழகிவிட்டுத் துடைக்காமல் சாய்த்துவைத்தேன். மறுநாள் காலையில் குழலின் மேல் என் நான்கு விரல்களும் பதிந்த இடம் மஞ்சள் பூத்திருந்தது, ரேகைகூடத் தெரிந்தது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் துரு. மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் தீர்ந்தது. காற்று நெருங்கும் அறைக்குள் மட்டும் எண்ணெய் விடக்கூடாது. அங்கே சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு அடைப்பானைக் கெடுத்துவிடும். அமுக்கிய வில்லை அப்படியே விட்டு வைக்கவும் கூடாது.

கரியமில வாயுக் குப்பி போடும் ரகமும் உண்டு. வெயில் ஏற ஏற வாயுவின் அழுத்தமும் ஏறும், குண்டின் வேகமும் மாறும். நம் வெயிலுக்கு அது வேண்டாம்.

பக்கத்தில் பயிற்சிக் கூடமும் அங்கே உலர்ந்த காற்று நிரப்ப வசதியும் இருப்பவர்கள் தயங்காமல் பிசிபி வாங்கலாம். பழையது வாங்கினால் சிலிண்டரில் அச்சிட்ட தேதியை முதலில் பாருங்கள். போட்டி ரைபிள்களின் சிலிண்டருக்குப் பொதுவாகப் 10 ஆண்டுதான் ஆயுள். வீட்டு மாடியில் தனியாகப் பழகும் பிள்ளைக்கு முதல் ஆண்டு ஸ்பிரிங் போதும் என்பது என் முடிவு. குலுங்கும் ரைபிளில் குண்டு போன பிறகும் அசையாமல் நிற்கப் பழகியவனுக்கு அந்தப் பழக்கம் பிசிபியிலும் கைகொடுக்கும்.

எதை வாங்கினாலும் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ளதா என்று பில்லோடு சரிபார்த்து வாங்குங்கள். சித்திரங்குடி, தேர்த்தங்கல் சரணாலயங்களுக்கு வரும் பறவைகளை நோக்கி இதை யாரும் தூக்கவே கூடாது, அது குற்றம்.

ஸ்பிரிங் ரைபிளே வாங்கியாயிற்று. மிச்சப் பணத்தில் தட்டைத் தலைப் பெல்லட் குண்டு நான்கு டப்பாவும் மணல் நிரப்பிய தடுப்புப் பெட்டியும் வந்துவிட்டன. பழகி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சோறு. பெல்லட் முழுக்க ஈயம்.