மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயா, வேப்பமுத்துக் கரைசலா?

திருநெல்வேலிப் பக்கம் செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு மாவுப்பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெயில் ஏற ஏற, கொழுந்து சுருண்டு வெள்ளையாக அப்பிக்கொள்ளும். உரக்கடையில் கேட்டால் இமிடாகுளோபிரிட் என்ற ரசாயனப் பூச்சிமருந்தைத் தருவார்கள். சீக்கிரம் கேட்கும், உண்மைதான். ஆனால் அது செடியின் சாற்றில் ஏறிப் பூந்தேன் வரை போகிறது. தேனீக்களுக்கு ஆபத்து என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயிர்களில் அதற்குத் தடை போட்டது.

இன்னொன்றும் உண்டு. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மருந்துக்கு அடங்காமல் பரவியது. 2010-இல் போர்ட்டோ ரீகோவிலிருந்து வரவழைத்து விட்ட சின்னஞ்சிறு குளவிதான் அதை அடக்கியது. கடை மருந்து அந்த மாதிரிக் குளவிகளையும் சேர்த்தே கொல்லும். வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, வேப்பெண்ணெய்? லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கூடவே கொஞ்சம் காதி சோப்பு. சோப்பு இல்லாமல் எண்ணெய் கலக்காது, பூச்சியின் மெழுகுப் பூச்சும் கரையாது. வேலை சுலபம். ஆனால் நம்மூர் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.

என் ஓட்டு வேப்பமுத்துக்குத்தான். பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் ஆனி, ஆடிக் காற்றில் வேப்பம்பழம் தெருவெல்லாம் உதிர்ந்து கிடக்கும். காசு கொடுக்க வேண்டாம். சதையைக் கழுவி, முத்தை நிழலில் உலர்த்தி, தோடு நீக்கிப் பருப்பை எடுங்கள். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் இடித்து, துணியில் முடிந்து, ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் முடிச்சைப் பிழியப் பிழியப் பால் மாதிரி இறங்கும். இறங்கும் பாலின் நிறம் மங்கும்வரை விடாமல் பிழிய வேண்டும். சோப்பு சேர்த்து அன்றைக்கே, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். வேம்பின் சத்து வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

முத்து எட்டு மாதம் தாண்டினால் வீரியம் போய்விடும். அதனால் ஆடியில் பொறுக்கியது பங்குனி வரை. பூச்சி உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசியில் எண்ணெயைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் சாயங்காலம் மட்டும்.

அப்புறம், எறும்பு. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக அதற்குக் காவல் நிற்பதும், செடி விட்டுச் செடி தூக்கிப்போவதும் எறும்புதான். எறும்பு ஏறிவர வழியாகிற, சுவரை உரசும் கிளையை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு தெளிப்பானை எடுங்கள்.